எத்தனை பேருக்கு இன்டர்நெட்?

என் வீட்டுக்காரர் அர்த்தநாரி ஆயிரம் அடி போர் போட்டுத் தண்ணீர் எடுத்துவிடுவார். ஆனால் அவர் மண்டைக்குள் நாலு போர்த்துகீசிய வார்த்தையை இறக்க ஒரு வாரமாக நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் ஆப்பிரிக்கா போவது புதிதில்லை. இவருக்கு வாய்த்தது மொசாம்பிக். இரண்டு வருட வேலை, திங்கட்கிழமை விமானம். எனக்கோ ஏழாம் மாதம்.

"பொறக்கப்போற கொழந்தை மூஞ்சிய நீங்க தெனமும் வீடியோவுல பாக்கோணும். போனதும் அங்க ஊட்டுக்கு இன்டர்நெட் போடோணும். அதை அவங்க பாஷையில கேக்கத் தெரியாம ஏரோப்ளேன் ஏறக் கூடாது, ஆமா" என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

போனில் பாடம் பார்த்து, ஐந்து வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். 'குவாந்து குஷ்தா' என்றால் விலை எவ்வளவு. 'குவால் எ ஆ வெலோசிதாத்' என்றால் வேகம் எவ்வளவு. இவர் மனசில் நின்றதோ ஒன்று முதல் பத்து வரை எண்களும், 'குவாந்துஷ் மெத்ருஷ்', அதாவது எத்தனை மீட்டர் என்பதும்தான். போர் போட அது போதுமாம். போதாக்குறைக்குத் தானாகவே ஒன்றைத் தேடிப் பிடித்து மனப்பாடம் செய்திருந்தார். 'ஜா அல்மோசோ', மத்தியானம் சாப்பிட்டாச்சா.

"ஏனுங்க, இன்டர்நெட் கடையில சோத்தப் பத்தி எதுக்குக் கேக்கறீங்க?"

"எடுத்த எடுப்புல ரேட்டக் கேக்கறது மரியாதையா அம்மிணி? தோட்டத்துக்காரரச் சாப்பிட்டீங்களான்னு கேக்காம, அடிக்கு என்ன ரேட்டுன்னு நான் என்னைக்காவது பேசியிருக்கறனா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒத்திகை பார்த்தே தீருவது என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு உட்காரவைத்தேன். அங்கே அப்போது பகல் பன்னிரண்டரை. முன்னாடியே போயிருந்த ரிக் முதலாளி செல்லமுத்து அண்ணன் அந்த ஊர் இன்டர்நெட் கடை நம்பரைக் கொடுத்திருந்தார். ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

இவர் மரியாதையாக எழுந்து நின்றார். மத்தியான வணக்கமாக "போவா தார்துங்க" என்றார். அத்தோடு எல்லாம் மறந்துபோச்சு. சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் "ஜா அல்மோசோ?" என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்தப் பெண்ணோ சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! எனக்கு அரைகுறையாகப் புரிந்தவரை, இன்னும் சாப்பிடவில்லையாம், இதுவரை எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லையாம். இவர் பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டு போனை என்னிடம் தள்ளிவிட்டார்.

ஐந்து வாக்கியத்தையும் நானே ஒப்பித்தேன். அவளும் பொறுமையாக, நிறுத்தி நிறுத்தி மூன்று பிளான் சொன்னாள். எழுதிக்கொண்டேன். கடைசியில், "பரா குவாந்தாஷ் பெசோவாஷ்?" என்றாள். எத்தனை பேருக்கு?

ஒருத்தருக்கு என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் இவர் குறுக்கே பாய்ந்து, "த்ரேஷ்!" என்றார். மூன்று!

"எண்ணத் தெரியாதுங்களா? போறது நீங்க ஒருத்தரு. மூணு எங்கிருந்து வந்துச்சு?"

இவர் சுவரில் ஒட்டிய தாளையே பார்த்துக்கொண்டு பேசினார். "கொழந்தைக்கு ஆறு மாசமானதும் உங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கறேன்னு செல்லமுத்து அண்ணங்கிட்டச் சொல்லிட்டேன். குடும்பத்தோட இருக்கற மாதிரிதான் ஊடு கேட்டிருக்கேன். வீடியோவுல பாத்தா எனக்குப் பத்தாது அம்மிணி. ஆப்பிரிக்காவான்னு நீ சத்தம் போடுவியோன்னு பயந்துட்டேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

"ஒரு வாரமா பக்கத்துலயே உக்காந்து தொண்டத்தண்ணி வத்தக் கத்தறேன். இதைத் தமிழ்ல சொல்றதுக்கு உங்களுக்கு என்னங்க கேடு?"

போனில் அந்தப் பெண் பாவம், எத்தனை பேர் என்று மறுபடியும் கேட்டாள். முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "த்ரேஷ்" என்று நானே சொன்னேன். நேரத்துக்குப் போய்ச் சாப்பிடு தாயி என்று சொல்லத்தான் எனக்கு வார்த்தை தெரியவில்லை.