இருபது நிமிடம் முந்திய கேமரா

அந்த வீட்டில் எந்தக் கடிகாரமும் உண்மை பேசாது. கூடத்துச் சுவர்க் கடிகாரம், சமையலறை அடுப்புக்கு மேலே இருப்பது, படுக்கைத் தலைமாட்டில் இருப்பது எல்லாமே இருபது நிமிடம் முந்தி ஓடும். அப்படி முடுக்கி வைத்தவள் அந்த வீட்டுக்காரிதான். கல்யாணமான முதல் வருடமே புருஷனுக்கு நத்தை என்று பேர் வைத்துவிட்டாள். போனில்கூட அவர் எண் அந்தப் பேரில்தான் இருக்கிறது. எங்கே கிளம்பினாலும் தாமதம், எதைச் செய்தாலும் நிதானம். கடிகாரத்தைக் கொஞ்சம் முடுக்கிவிட்டால் மனுஷன் நேரத்துக்குக் கிளம்புவார் என்று நம்பினாள். அவரோ ஒரே வாரத்தில் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டார். மணியைப் பார்ப்பார், மனசுக்குள் இருபதைக் கழிப்பார், நிதானமாக இன்னொரு முறை தலை வாரிக்கொள்வார்.

அவருக்கு வேலை, லென்ஸ் பட்டறையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கடைகளுக்கு லென்ஸ் கொண்டுபோய்க் கொடுப்பது. வண்டி சொந்த வண்டி, சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன கார். அவள் கடைத்தெருவில் போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறாள். உடைந்த திரை, தண்ணீரில் விழுந்த போன், அழிந்துபோன படங்கள் எல்லாம் அவள் கைக்கு வந்தால் பாதியாவது பிழைக்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் பேய் மழை. அவர் நனைந்து வந்து, கடை வளாகத்தின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் கரண்ட் போய்விட்டது என்றும், இருட்டில் தூணில் இடித்துவிட்டதாகவும் சொன்னார். முன்பக்கம் இடது ஓரம் பிளந்திருந்தது. நத்தை போய் இடித்துத் தூண் விழவில்லையே என்று அவள் கேலி செய்தாள். மறுநாள் அவருக்குக் காய்ச்சல். வண்டி வாசலைவிட்டு நகரவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு பத்துக்கு வாய்க்கால் பாலத்தில் சைக்கிளில் போன ஒருவரை ஒரு வண்டி தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டதாம். அந்த ஆள் இன்னும் கண் திறக்கவில்லை. பாலத்து முனைப் பழக்கடைக்காரர் வாட்சைப் பார்த்து மணி சொல்லியிருக்கிறார். சின்ன கார், சாம்பல் நிறம் என்பதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. ஊரிலுள்ள சாம்பல் நிறக் கார்க்காரர்கள் எல்லாரையும் கூப்பிடுகிறார்கள். வண்டியில் கேமரா இருந்தால் அதோடு ஐந்து மணிக்கு வரவேண்டும். அவர் சரிங்க சார் என்று போனை வைத்துவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

தினமும் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் அவர் வீட்டுக்கு வருகிறார். மழை. பிளந்த முன்பக்கம். அடுத்த நாளே காய்ச்சல். தூணில் இடித்தவருக்கு எதற்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று அவள் மனசு கேட்டது. மழையில் நனைந்தால் காய்ச்சல் வரும் என்பது ஊருக்கே தெரியும், அந்த நேரத்தில் அவளுக்கு மட்டும் மறந்துபோனது.

சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். காரில் உட்கார்ந்து, முன்கண்ணாடியில் மாட்டியிருந்த கேமராவை உயிர்ப்பித்தாள். வண்டி எதிலாவது மோதினால், அந்த ஒரு நிமிடப் படத்தைக் கேமரா தனியாக எடுத்துப் பூட்டி வைத்துவிடும். அப்படி ஒன்றுதான் இருந்தது. திறந்தாள். ஒரே இருட்டு. நனைந்த கண்ணாடியில் முன்விளக்கு மஞ்சளாய்க் கரைந்து கிடந்தது. திடீரென்று ஒரு மோதல். "ஐயையோ" என்று அவர் குரல். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு வண்டி பின்னால் நகர்ந்து, வளைந்து, போய்விட்டது. கதவு திறந்த சத்தமே இல்லை. அவர் இறங்கவேயில்லை.

படத்தின் அடியில் வியாழக்கிழமைத் தேதி, ஆறு ஒன்பது என்று மணி, அதன் பக்கத்தில் இடத்தைச் சொல்லும் இரண்டு நீள எண்கள். அவசரத்தில் படத்தை மூடித் திறந்து, திரையை இரண்டு முறை போனில் படம் எடுத்தாள். எண்களைப் பார்த்து மேப்பில் அடித்தாள். சிவப்புப் புள்ளி வாய்க்கால் பாலத்தின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தது.

இந்த மனுஷன் எறும்பைக்கூட மிதிக்கமாட்டார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் அவள். அவர் ஓர் ஆளை இடித்துத் தள்ளிவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, தூண் என்று பொய்யும் சொல்லியிருக்கிறார். கையில் விலங்கு, ஜெயில் வாசல், மனுப்போட்டுப் பார்க்கும் நாட்கள் எல்லாம் கண்முன்னே வந்தன. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. இனி யோசிக்க நேரமில்லை. அந்த ஒன்றை மட்டும் அழித்தால் நடுவில் ஓட்டை தெரியும். மொத்த மெமரி கார்டையும் அழிக்கும் பட்டனை அழுத்தினாள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது இவள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள், முகம் பேயறைந்த மாதிரி. காய்ச்சல் உனக்கும் வந்துவிட்டதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அந்தக் கையைக் கண்டு அவள் பயந்தாள்.

கடையில் அன்று ஒரு வேலையும் ஓடவில்லை. நாற்காலியை வாசல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, எந்த நிமிடம் யார் வந்து நிற்பார்களோ என்று உட்கார்ந்திருந்தாள். நாலு இருபதுக்கு நத்தை கூப்பிட்டார்.

"கிளம்பிட்டேன்மா. வண்டி கேமராவுல மணி நாலு நாப்பது காட்டுது. அப்போ நிஜத்துல நாலு இருபதுதானே? மெதுவா போனாலே போதும்."

அவ்வளவுதான், வைத்துவிட்டார். அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டியில் மணி நாலு நாற்பது. கடைச் சுவரில் நாலு இருபது. கேமரா வாங்கிய அன்றைக்கே, தானாக மணியைச் சரிசெய்துகொள்ளும் வசதியை அணைத்துவிட்டு, அதையும் இருபது நிமிடம் முடுக்கிவிட்டது யார்? இவளேதான். இரண்டு வருடத்தில் இவள் அடியோடு மறந்துவிட்டாள், மறக்காமல் கழித்துக்கொண்டிருந்தவர் அவர்.

அப்படியானால் அந்த மோதல் நடந்தது ஆறு ஒன்பதுக்கு அல்ல, ஐந்து நாற்பத்தொன்பதுக்கு. சைக்கிள்காரர் விழுவதற்கு இருபது நிமிடம் முன்னால். ஆனால் பாலம்? எண்கள் பாலத்தைத்தானே காட்டின? காலையில் எடுத்த இரண்டு படங்களையும் திறந்தாள். முதல் படத்தில் மோதல் காட்சி. இரண்டாவதில் அவள் வீட்டு வாசல், எதிர்வீட்டுக் கேட், காலை வெளிச்சம். படத்தை மூடிய நேரத்தில் கேமரா நேரடியாகக் காட்டியதை எடுத்திருக்கிறாள். வாசலில் எடுத்த அந்தப் படத்தின் அடியிலும் அதே இரண்டு எண்கள், கடைசி இலக்கம் வரை. மணி எட்டு முப்பத்திரண்டு. போனோ அந்தப் படத்தை எட்டு பன்னிரண்டுக்கு எடுத்ததாகச் சொன்னது. கேமரா மணியிலும் பொய், இடத்திலும் பொய்.

காரணமும் புரிந்தது. போன ஞாயிற்றுக்கிழமைதான் வெயிலுக்காக முன்கண்ணாடியில் சன் ஃபிலிம் ஒட்டினார்கள். பேரம் பேசி, பளபளவென்று உலோகப் பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்கியவளும் இவள்தான். உலோக உறை போட்டால் போனுக்கு சிக்னல் செத்துப்போகும் என்று கடைக்கு வருகிறவர்களுக்குத் தினம் பாடம் எடுக்கிறாள். கட்டடம் எதுவும் இல்லாத திறந்த பாலத்தில் கேமராவுக்கு ஒரு முறை செயற்கைக்கோள் சிக்னல் கிடைத்திருக்கிறது. பிறகு கிடைக்கவேயில்லை. கிடைத்த அந்த இடத்தையே பிடித்துக்கொண்டு, போகிற இடமெல்லாம் பாலம் பாலம் என்று எழுதிக்கொண்டு திரிந்திருக்கிறது அந்தப் பெட்டி.

அவர் இடித்தது தூணைத்தான். சொன்னது அத்தனையும் நிஜம். அதற்கான சாட்சியைத்தான் காலையில் இவள் தன் கையால் அழித்தாள்.

அழித்தது உடனே அழிந்துவிடாது என்று அவளுக்குத் தெரியும். மேலே புதிதாக எதையும் எழுதாதவரை உள்ளேயே கிடக்கும், தோண்டி எடுக்கலாம். ஆனால் இப்போது வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடும் ஒவ்வொரு நிமிடமும் கேமரா பழைய வியாழக்கிழமையின் மேல் புதிய சனிக்கிழமையை எழுதிக்கொண்டிருக்கிறது. மற்றவர்களுக்கு இருபது நிமிடப் பாதை, நத்தைக்கு நாற்பது.

கூப்பிட்டாள். எடுக்கவில்லை. பதினோரு முறை கூப்பிட்டாள். எப்படி எடுப்பார்? வண்டி ஓட்டும்போது போனைத் தொட்டால் நான் மனுஷியாகவே இருக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறாளே. சொன்ன சொல் தவறாத மனுஷனை நினைத்து அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. காவல் நிலையத்துக்கே போன் பண்ணலாம். பண்ணி என்னவென்று சொல்வது? கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி, கிடைத்த ஆட்டோவில் ஏறினாள்.

அவள் போய் நின்று பத்து நிமிடம் கழித்து சாம்பல் நிறக் கார் ஊர்ந்து வந்து நின்றது. மணி சரியாக ஐந்து. அவளைப் பார்த்ததும் சிரித்தார். பயந்தாங்கொள்ளி, நீ எதற்கு வந்தாய் என்றார். அவள் கதவைத் திறந்து கேமராவின் வயரைப் பிடுங்கினாள். அதற்குள் பெண் இன்ஸ்பெக்டர் ஒருவர் வாசலுக்கு வந்து, பிளந்த முன்பக்கத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, கேமரா கார்டைக் கேட்டுக் கையை நீட்டினார்.

அவரைத் தனியாக அழைத்து முதலில் அவரிடம் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்திருந்தாள். அதற்கு இடமில்லாமல் போனது. சொல்லாவிட்டால், காலி கார்டைக் கொண்டுவந்த குற்றவாளியாக அவர் நிற்பார்.

"அதுல ஒண்ணும் இருக்காது மேடம். காலையில நான் அழிச்சுட்டேன்."

"ஏன் அழிச்சீங்க?"

அவர் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "இவர்தான் இடிச்சுட்டு வந்துட்டாருன்னு நினைச்சேன்."

பிறகு போனில் இருந்த இரண்டு படங்களையும் காட்டி, மணியையும் ஃபிலிமையும் குளறிக் குளறி விளக்கினாள். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். கேமரா தப்பு என்பதை இது காட்டுகிறது, உங்கள் வீட்டுக்காரர் அந்த நேரம் எங்கே இருந்தார் என்பதைக் காட்டவில்லையே என்றார். நியாயமான கேள்வி. கார்டை உள்ளே ஒரு கம்ப்யூட்டர்காரர் வாங்கிக்கொண்டு போனார்.

ஒன்றரை மணி நேரம். பெஞ்சில் அவர் ஒரு முனை, அவள் ஒரு முனை. நடுவில் இரண்டு பேர் உட்காரலாம். உள்ளே யார் நாற்காலியை நகர்த்தினாலும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் கூப்பிட்டார்கள். தூணில் மோதிய படம் போய்விட்டிருந்தது. அதன்மேல் அவர் இன்று வந்த பாதை எழுதப்பட்டிருந்தது. ஆனால் அடுத்து வந்த சில துண்டுகள் பிழைத்திருந்தன. பார்க்கிங்கின் வெளிவாசல். கரண்ட் திரும்பியும் தூக்காமல் மக்கர் பண்ணும் தடுப்புக் கட்டை. அதன் பக்கத்துப் பெட்டியில் சிவப்பு எழுத்தில் மணி ஆறு பதினொன்று. படத்தின் அடியில் கேமரா போட்ட மணி ஆறு முப்பத்தொன்று, இடம் வாய்க்கால் பாலம். வண்டிக்குள் அவர் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, கட்டை எழும்பக் காத்திருந்தார்.

பார்க்கிங் பெட்டியின் மணியைச் சரிபார்த்துக்கொள்கிறோம், நீங்கள் போகலாம் என்றார் இன்ஸ்பெக்டர். பிழைத்தோம் என்று அவள் அவர் கையைப் பிடிக்கப் போனாள். அவர் சாவியை எடுக்கிற மாதிரி கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

வண்டியில் ஏறியதும் அவள் வயரை மாட்டி, கேமராவின் மணியை முதல் வேலையாகச் சரிசெய்யத் தொடங்கினாள். வீட்டுக்குப் போனதும் எல்லாக் கடிகாரத்தையும் சரியாக வைத்துவிடுகிறேன், ஃபிலிமையும் பிய்த்துவிடலாம், பயத்தில் புத்தி கெட்டுப்போய்விட்டது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். அவர் வண்டியைக் கிளப்பவில்லை.

"மணி அப்படியே இருக்கட்டும்" என்றார். "அது இருபது நிமிஷம் தப்புன்னு எனக்குத் தெரியும், கழிச்சுக்குவேன். நீ என்னை எவ்வளவு நம்புறேங்கிறதுல எவ்வளவு கழிக்கணும்னுதான் இத்தனை வருஷமா தெரியாம இருந்துட்டேன்."

அவள் கை பட்டன் மேலேயே நின்றது. காலையிலிருந்து எத்தனையோ விதமாகப் பயந்திருந்தாள், இது மட்டும் புதிதாக இருந்தது. அவர் வழக்கம்போல மெதுவாகவே ஓட்டினார். கொஞ்சம் வேகமாகப் போங்களேன் என்று அவள் அன்றைக்குச் சொல்லவில்லை.