பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு ஜன்னல்

கன்சாஸ் மாகாணத்தின் மேற்கு ஓரத்திலும், அதற்கும் அப்பால் நாகரிகம் இன்னும் எட்டிப் பார்க்காத புல்வெளிகளிலும் வாழ்கிற ஆண், பெண், ஆடு, மாடு அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: 1885ஆம் ஆண்டு மே மாதம் ஆறாம் தேதி, புதன்கிழமை, காலை பத்து மணிக்கு, மல்லிகன் ஓடைக் கரையில் ஏசா ப்ரூயிட் இல்லத்தில் ஜன்னல் பொருத்தப்படும். அது சமயம் ஜட்ஜ் ஹோரேஷியோ பிளம் அவர்கள் உரையாற்றுவார்கள்.

இதைப் பழுப்புக் காகிதத்தில் எழுதி வீடு வீடாகப் போய் வாசித்துக் காட்டியவரும் ஜட்ஜ் பிளம் அவர்கள்தான். பொருத்திய அன்று மாலையே ஜன்னல் கழற்றப்படும் என்பதை அவர் எழுதவில்லை. எழுதவேண்டிய அவசியமும் இல்லை. மல்லிகன் ஓடையில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அரசாங்கம் நூற்றறுபது ஏக்கர் இலவசமாகக் கொடுத்தது. ஐந்து வருஷம் அதில் குடியிருந்து காட்டவேண்டும். காட்டியபின் நில அலுவலகத்தில் இரண்டு சாட்சிகள் சத்தியம் செய்யவேண்டும்: வீடு உண்டா, கதவு உண்டா, ஜன்னல் உண்டா. எண்ணெய் தடவிய காகிதத்தை அங்கிருந்த குமாஸ்தா ஜன்னலாக ஒப்புக்கொள்வதில்லை. கண்ணாடி வேண்டும். ஓடைக்கரையில் கண்ணாடி ஜன்னல் ஒன்றே ஒன்று இருந்தது: நான்கு சில்லு வைத்த மரச்சட்டம், ஜட்ஜ் இல்லினாயிலிருந்து கொண்டுவந்தது. யாருக்கு ஐந்து வருஷம் முடிகிறதோ அந்த வீட்டு மண்சுவரில் அது ஒருநாள் குடியேறும். சாட்சிகள் உள்ளே நின்று அதன் வழியாக வெளியே பார்ப்பார்கள். சாப்பிடுவார்கள். ஜன்னல் வைக்கோலில் சுற்றப்பட்டு வீடு திரும்பும். இப்படிப் பதினோரு வீட்டுக்கு அந்த ஜன்னல் பட்டா வாங்கிக் கொடுத்திருந்தது. எந்த வீட்டிலும் அது ஒரு ராத்திரி தங்கியதில்லை.

பன்னிரண்டாவது வீடு லவீனா ப்ரூயிட்டுடையது. சட்டப்படி அவள் கணவன் ஏசாவுடையது என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் ஏசா எந்த வீட்டையும் தன்னுடையது என்று நினைத்தவனில்லை. அவனுக்கு வீடு என்பது சக்கரம் கழன்ற வண்டி. ஒஹையோவில் கல்யாணம், இண்டியானாவில் இரண்டு வருஷம், அயோவாவில் மூன்று, நெப்ராஸ்காவில் ஒன்றரை. ஒவ்வொரு இடத்திலும் லவீனா ஒரு ஆப்பிள் கன்று நட்டாள். ஒவ்வொரு மரமும் பூக்குமுன் ஏசா வண்டிச் சக்கரத்துக்கு மசகு போட ஆரம்பித்துவிடுவான். மசகு வாடை வந்தால் பாத்திரங்களை எடுத்துக் கட்டவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு இப்போது வயது நாற்பத்தொன்று. தான் நட்ட மரத்தில் ஒரு பழம் தின்றதில்லை.

மல்லிகன் ஓடைக் கன்று அந்த மே மாதம் முதல்முறையாகப் பூத்தது. அதே வாரம் மசகு வாடையும் வந்தது.

"என்ன, சக்கரம் கிரீச்சுங்குதா?" என்றாள்.

"சும்மா போட்டு வைக்கிறேன். துரு பிடிச்சிடும்ல."

"அஞ்சு வருஷமா பிடிக்காத துரு."

ஏசா மேற்கே பார்த்தான். அவன் பதில் சொல்லவேண்டிய நேரங்களில் எல்லாம் மேற்கே பார்ப்பான். "வயோமிங்ல புல்லு இடுப்பு உயரமாம் லவீனா. காத்தே கிடையாதாம்."

"இங்க காத்து கிடையாதுன்னுதான் நெப்ராஸ்காவுல சொன்ன."

பட்டா கையில் வந்தால் ஏசா நிலத்தை விற்றுவிட்டுப் போவான் என்று ஓடைக்கரை முழுக்கப் பேச்சு. பக்கத்து நிலத்து நார்வேக்காரர் ஹால்வர் ஸ்கோகன் லவீனாவுக்கு ஒரு விஷயம் சொல்லியிருந்தார். ஹால்வர் வேதாகமத்தை எட்டு முறை முடித்துவிட்டு, வீட்டில் வேறு புத்தகம் இல்லாததால் கன்சாஸ் சட்டப்புத்தகத்தைப் படித்தவர். குடியிருக்கிற நிலத்தைப் பெண்டாட்டி கையெழுத்தில்லாமல் புருஷன் விற்கமுடியாது. ஆனால் பட்டா இல்லாத நிலத்தை விற்கவே வேண்டாம். விட்டுவிட்டுப் போனால் போதும், கையெழுத்து யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் லவீனாவுக்குப் பட்டா வேண்டும். வியாழக்கிழமை நில அலுவலகத்தில் விசாரணை. பத்திரிகையில் சாட்சிகளின் பெயரோடு அச்சாகிவிட்டது. ஜட்ஜ் பிளம், ஹால்வர் ஸ்கோகன். அந்த நாள் தவறினால் மறுபடி அறிவிப்பு, மறுபடி ஆறு வாரம். ஏசாவின் சக்கரம் ஆறு வாரம் தாங்காது.

புதன்கிழமை காற்று விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டது. மூன்று நாள் மழைக்குப் பிறகு வந்த காற்று. லவீனா அடுப்பில் வறட்டியை அடுக்கி, கோழியை மாவில் பொதிந்து உள்ளே வைத்தாள். பிறகு வாசலுக்குப் போனாள், வந்தாள், கதவைத் திறந்தாள், புழுதி உள்ளே வந்ததும் சாத்தினாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. சுவரில் ஜன்னலுக்கான ஓட்டை எண்ணெய்க் காகிதம் கிழிக்கப்பட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

பத்தரைக்கு ஜட்ஜ் வைக்கோலில் சுற்றிய ஜன்னலைச் சுமந்துகொண்டு நடந்து வந்தார். ஆள் இருநூற்றைம்பது பவுண்டு இருப்பார். இல்லினாயில் ஒரு கண்காட்சியில் பன்றிகளுக்குப் பரிசு கொடுக்கும் நடுவராக ஒருநாள் உட்கார்ந்தவர்; அன்றிலிருந்து ஜட்ஜ். பின்னால் ஹால்வர், தொப்பியைக் காற்றுக்குக் கொடுக்காமல் கையில் பிடித்தபடி.

ஏசா ஜன்னலைப் பிரித்து ஓட்டையில் வைத்து மண்கட்டிகளை இறுக்கினான். சாட்சி பார்க்கும் வேளைக்கு முன் பார்க்கக்கூடாது என்று ஹால்வர் ஓடைப்பக்கம் திரும்பி நின்றார். மண்வீட்டில் ஜன்னல் வைத்தால் மேலே ஒரு சாண் இடம் விட்டுக் கந்தல் துணி அடைக்கவேண்டும். மண் இறங்கும், இறங்கினால் துணிதான் நசுங்கவேண்டும், கண்ணாடி அல்ல. மல்லிகன் ஓடையில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

"துணி வைக்கலியா?" என்றாள் லவீனா.

"சாயங்காலம் கழட்டப்போற ஜன்னலுக்குத் துணி ஒரு கேடா?"

"சரி, ஹால்வர் அண்ணே, உள்ள வந்து பாத்துடுங்க. அப்புறம் சாப்பிடலாம்."

ஹால்வர் ஒரு அடி வைத்தார். ஜட்ஜ் கையை உயர்த்தினார்.

"சற்றுப் பொறுங்கள். சாட்சிகள் காண்பதற்கு முன் இந்த நன்னாளின் மகத்துவம் எடுத்துரைக்கப்பட வேண்டும். அதுவே மரபு."

"மரபு யாரு போட்டது?" என்றான் ஏசா.

"அடியேன்."

பேசுவதற்கு அவருக்கு உயரம் தேவைப்பட்டது. ப்ரூயிட் வீடு மேட்டைக் குடைந்து கட்டியது. பின்பக்கமாகப் போனால் தரையும் கூரையும் ஒரே மட்டம். ஜட்ஜ் பின்பக்கமாகப் போனார்.

"ஐயா, வேணாங்கய்யா," என்று லவீனா கத்தினாள். "கூரை மூணு நாளா ஊறிக் கெடக்கு. எங்க பசுவே இப்ப அதுல ஏறுறதில்ல."

"அம்மணி, பசு சொற்பொழிவு ஆற்றுவதில்லை," என்றது மேலிருந்து குரல். "முதற்கண் பிரார்த்தனை. அனைவரும் கண்களை மூடுக."

ஹால்வர் மூடினார். ஏசா மூடியதாகப் பாவனை செய்தான். லவீனா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜட்ஜ் ஆண்டவரிடம் மல்லிகன் ஓடையின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். அதில் தன் பங்கையும் விடவில்லை. "இருளில் கிடந்த இம்மக்களுக்கு என் கரத்தால் ஒளியை" என்று அவர் ஒரு அடி முன்னால் வைத்தபோது கூரையைத் தாங்கிய வில்லோ மரக் கழிகள் முனகின, மேல்சுவர் நான்கு விரற்கடை இறங்கியது, பதினோரு பட்டா வாங்கிய ஜன்னல் நான்கு சில்லும் ஒரே சத்தத்தில் நொறுங்கி விழுந்தது. கூடவே அடுப்புக்கு நேர் மேலே கூரை பிளந்து, முழங்கால் வரை பூட்ஸ் போட்ட ஒரு கால் உள்ளே வந்து தொங்கியது.

காற்று மட்டும் நிற்கவில்லை.

லவீனா முதலில் பேசினாள். "அண்ணே, ஜன்னலைப் பாத்தீங்கதான?"

ஹால்வர் கண்ணைத் திறந்து சட்டத்தைப் பார்த்தார். "நான் கண்ணை மூடிட்டு இருந்தேம்மா."

"வர்றப்ப பாத்திருப்பீங்களே."

"வர்றப்ப வைக்கோல்ல சுத்தி இருந்துச்சு. கண்ணாடி இருந்துச்சுன்னு காதால கேட்டேன். அது சத்தியமா சொல்லுவேன். ஆனா அலுவலகத்துல காதைப் பத்திக் கேள்வி இல்ல."

"பன்னெண்டு வருஷமா பக்கத்துல இருக்கிறவங்க மாதிரி பழகுறோம். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அஞ்சு வருஷந்தாம்மா," என்றார் ஹால்வர். அவர் அப்படிப்பட்ட மனுஷன்.

ஏசா முகத்தில் பத்து வருஷம் குறைந்திருந்தது. "சரி, விடு. விதி. ஆறு வாரத்துல வயோமிங்ல வீடே கட்டிடலாம்." அவன் கண் அதற்குள் வண்டியிடம் போய்விட்டது.

லவீனா உள்ளே போனாள். தொங்கிய பூட்ஸைப் பார்த்தாள். அது மெதுவாக உதைத்தது.

"அம்மணி," என்றது கூரை. "என்னை மீட்க ஏற்பாடு செய்யவும்."

"செய்றேங்கய்யா. உங்க வீட்டுல ஒரு படம் மாட்டியிருக்கீங்களே. நீங்க கத்தியைப் பிடிச்சிட்டு நிக்கிறது. அதுக்கு மேல கண்ணாடி போட்டிருக்குல்ல?"

உதைப்பது நின்றது. "அது என் உருவப்படம். பிற்காலச் சந்ததிக்காக எடுத்தது."

"சந்ததி வர நாளாகும். எனக்கு இன்னிக்கு வேணும்."

"இயலாது."

லவீனா வற்புறுத்தவில்லை. கோழி வேகவேண்டும் அல்லவா. அடுப்புக் கதவைத் திறந்து நான்கு வறட்டி வைத்தாள். நல்ல காய்ந்த வறட்டி. கொஞ்ச நேரத்தில் பூட்ஸ் ஆட ஆரம்பித்தது. பிறகு வேகமாக ஆடியது.

"அம்மணி, தாங்கள் என்ன சமைக்கிறீர்கள்?"

"கோழிங்கய்யா. இன்னும் முக்கா மணி நேரம் ஆகும்."

"படத்தை எடுத்துக்கோ," என்றார் ஜட்ஜ். அவர் முதல்முறையாக எல்லோரையும்போலப் பேசினார். "சீக்கிரம் எடுத்துக்கோம்மா."

ஹால்வரும் ஏசாவும் மேலே ஏறி அவரை உருவி எடுத்தார்கள். பிறகு படத்தைக் கொண்டுவர ஆள் போகவேண்டும். ஜட்ஜால் நடக்க முடியவில்லை, ஹால்வர் வண்டி கொண்டுவரவில்லை. ஜட்ஜின் வீடு இரண்டு மைல், மேற்கே.

லவீனா ஏசாவைப் பார்த்தாள். "மசகு போட்டு வச்சிருக்கல்ல. போயிட்டு வா."

வண்டி போவதை வாசலில் நின்று பார்த்தாள். சமவெளியில் ஒருவன் போவதைப் பார்ப்பது லேசான காரியமில்லை. மறைய ஒரு மணி நேரம் ஆகும், மறையும்வரை நம்பிக்கை இருந்துகொண்டே இருக்கும். ஏசா அரை மணியில் ஜட்ஜ் வீட்டில் இறங்கியது புள்ளியாகத் தெரிந்தது. மறுபடி ஏறியதும் தெரிந்தது. ஆனால் வண்டி திரும்பவில்லை. மேற்குப் பாதையை முன்னால் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது.

அவள் பாவாடை காற்றில் கால்களைச் சுற்றிச் சுற்றி அடித்தது. ஒரு அடி முன்னால் வைத்தாள், பின்னால் வைத்தாள். கத்தினால் கேட்காது. ஓடினால் எட்டாது. பின்னால் ஆப்பிள் மரம் பூவை உதிர்த்துக்கொண்டிருந்தது. எத்தனை மிஞ்சும் என்று திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

"குதிரை மேயுது போல," என்றார் ஹால்வர். அவர் பொய் சொல்லாதவர். அதனால்தான் "போல" என்றார்.

பிறகு வண்டி திரும்பியது.

ஏசா வந்து இறங்கினான். அவனே சொன்னான்: "கோழி வாசனை அங்க வரைக்கும் வருது." காற்று வீசியது வேறு திசையில்.

படத்தைப் பிரித்தார்கள். ஓடைக்கரை ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஊறவைத்து உரித்ததில் கத்தி வந்தது, தொப்பி வந்தது, மார்புப் பதக்கங்கள் வந்தன. மீசை மட்டும் வரவில்லை. எவ்வளவு சுரண்டியும் கண்ணாடியின் நடுவில் இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டு நின்றது. மேலே ஒரு சாண் விட்டு, துணி அடைத்து, கண்ணாடியைச் சுவரில் பதித்தார்கள். ஹால்வர் உள்ளே நின்று, குனிந்து, மீசைக்கு மேலாகவும் கீழாகவும் வெளியே பார்த்தார். ஜட்ஜும் பார்த்தார். உரை இல்லை. எல்லோரும் கோழி சாப்பிட்டார்கள். ஜட்ஜ் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

வியாழக்கிழமை நில அலுவலகத்தில் குமாஸ்தா கேட்டார்: "ஜன்னல் உண்டா?"

"உண்டு," என்றார் ஹால்வர்.

"கண்ணாடி போட்டதா?"

"ஆமா. நடுவுல மீசை இருக்கு."

குமாஸ்தா பேனாவை நிறுத்தினார். "என்னது?"

"ஜட்ஜ் ஐயா மீசை. முழு உண்மைன்னு சத்தியம் வாங்கினீங்கள்ல."

குமாஸ்தா ஜட்ஜைப் பார்த்தார். ஜட்ஜ் கூரையைப் பார்த்தார். 'ஜன்னல் ஒன்று' என்று எழுதிக்கொண்டார் குமாஸ்தா.

திரும்பும் வழியில் ஏசா மெதுவாக ஆரம்பித்தான். "காகிதம் வந்துடுச்சு. இதை ஒருத்தர் நல்ல விலைக்கு..."

"கையெழுத்துப் போட மாட்டேன்."

"என்ன கையெழுத்து?"

அவள் சொன்னாள். ஏசா ஹால்வரைப் பார்த்தான். ஹால்வர் ஆமென்று தலையை ஆட்டினார். ஏசா வெகுநேரம் மேற்கே பார்த்தான். வண்டி கிழக்கிலிருந்து மேற்கே போய்க்கொண்டிருந்ததால் அது அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் மசகு போட்டான். வண்டி எங்கும் போகவில்லை. ஓடைக்கரையில் அடுத்து ஐந்து வருஷம் முடிந்த வீடுகளுக்கெல்லாம் மீசைக் கண்ணாடிதான் வீட்டுக்கு ஒருநாளாகப் போய்வந்தது. ஜட்ஜ் அந்த நாட்களில் ஊரில் இருப்பதில்லை.

லவீனா அந்தக் கோடை முழுக்கக் காற்றைத் திட்டிக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்தாள். பூவெல்லாம் போய் மூன்று பிஞ்சு தங்கியது. ஒன்றை ஆலங்கட்டி அடித்தது, ஒன்றைப் பசு தின்றது. மிஞ்சிய ஒன்று செப்டம்பர் கடைசியில் சிவந்தது. அவள் கையைக் கழுவி, தலையை வாரி, நல்ல உடை உடுத்திக்கொண்டு போய் அதைப் பறித்தாள். ஏசா மசகுக் கையோடு எழுந்து வந்து நின்றான். ஹால்வர் வேலியோரம் தொப்பியைக் கழற்றினார். பதின்மூன்று வருஷம், ஐந்து மாகாணம், ஐந்து மரம். அவள் கடித்தாள்.

வாயில் வைக்க முடியாத புளிப்பு.