கீழே இறங்கிய கோடு

கிழவரின் மனைவி செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மகள் செய்தித்தாளை விரித்தபடி, "அப்பா, உங்க ஆஸ்பத்திரி பேரு வந்திருக்கு" என்றாள்.

"என்னவாம்?"

"வயசானவங்க புற்றுநோயில சாகுறது முப்பது வருஷத்துல பாதியா குறைஞ்சிடுச்சாம். வெள்ளிக்கிழமை காலைல கீழ்க்கூடத்துல விழா. அதிகாரிக்குக் கேடயம் குடுக்குறாங்க."

"எந்த அதிகாரிக்கு?"

மகள் படத்தைக் காட்டினாள். சட்டைப் பையில் அளவுகோல் நீட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியே ஸ்கேல் என்று கூப்பிடும் மனிதர்தான். இறப்புப் பதிவுப் பிரிவில் குமாஸ்தாவாக நுழைந்து, கோடு போட்டே மேலே ஏறி உட்கார்ந்துவிட்ட ஆள்.

கிழவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

அந்த ஆஸ்பத்திரியில் அவரைத் தபால் என்றுதான் கூப்பிடுவார்கள். யாராவது செத்தால் டாக்டர் படிவம் எழுதுவார். அதைத் தூக்கிக்கொண்டு பின்கட்டிடத்து மூன்றாவது மாடிக்கு, பதிவுப் பிரிவுக்குப் போக வேண்டும். நாற்பத்திரண்டு படி. ஓய்வு பெறும் வரை முப்பத்தோரு வருடம் அதே வேலை. படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். எழுதுகிறவனை எந்தக் காலத்திலும் அவர் நம்பியதில்லை. தான் வெறும் கால், கெடுதல் செய்வதெல்லாம் கை என்பது அவர் எண்ணம்.

மனைவிக்கு எழுபத்து மூன்று வயது. இரண்டு வாய் சாப்பிட்டால் வயிறு கல்லாகிவிடும் என்றாள். முன்பெல்லாம் புதன்கிழமை தோறும் எழுபது தாண்டியவர்களுக்கென்று ஓர் அறை திறந்திருக்கும். குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்பார்கள். இவள் போனபோது கதவில் பூட்டுத் தொங்கியது. முதியோரிடம் நோய் குறைந்துவிட்டதால் அறை மூடப்படுகிறது என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. டாக்டரிடம் போனாள். "வயசாச்சும்மா, ஜீரணம் அப்படித்தான் இருக்கும்" என்று மாத்திரை கொடுத்தார். மூன்று தடவை போனாள், மூன்று தடவையும் அதே மாத்திரை. கடைசியில் படுத்த பிறகுதான் அதே டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வராந்தாவுக்கு வந்து, "புற்றுநோய்தான். பரவிடுச்சு" என்றார்.

பதினோராம் நாள் போய்விட்டாள். டாக்டர் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் "முதுமை" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு சொல்லைத் தபால் கண்ணை மூடிக்கொண்டே படிப்பார். அத்தனை ஆயிரம் தடவை தூக்கியிருக்கிறார்.

ஸ்கேலின் முகத்தில் கரி பூசாமல் சாவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தார். எப்படி என்றும் அவருக்குத் தெரியும்.

படிவத்தில் புற்றுநோய் என்று எழுதினால், சதையை வெட்டிப் பரிசோதித்த சீட்டைக் கூடவே இணைக்க வேண்டும். இல்லையென்றால் பதிவுப் பிரிவு ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடும். சாகக் கிடக்கும் கிழவியின் வயிற்றை யார் வெட்டிப் பார்ப்பார்கள்? சீட்டு இருக்காது. டாக்டர் புதுப் படிவத்தில் முதுமை என்று எழுதுவார். அதற்கு எந்தச் சீட்டும் வேண்டாம். பழைய படிவத்தைச் சூளையில் போட்டு எரிக்க வேண்டும். சூளை மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது. அவ்வளவு தூரம் எவன் நடப்பான்? தபால் எல்லாவற்றையும் கட்டுத்துணியால் கட்டி, ஆவண அறையின் கடைசி அலமாரிக்குப் பின்னால் சொருகிவிடுவார்.

வெள்ளிக்கிழமை காலை ஆவண அறைக்குப் போனார். அங்கே காவலில் இருந்தவனுக்குப் பட்டப்பெயர் பூட்டு. சாப்பாட்டு டப்பாவுக்கும் பூட்டுப் போடுகிறவன்.

"அண்ணே! இன்னும் உயிரோடவா இருக்கீங்க?"

"நான் போயிட்டா என் படிவத்தை யாருடா தூக்குவா? கடைசி அலமாரியை நகர்த்து."

"எதுக்கு?"

"உள்ள என் சொத்து இருக்கு."

பூட்டு முனகிக்கொண்டே நகர்த்தினான். பதினொரு கட்டு, பழையது முதல் புதியது வரை வரிசையாக. மேலே விரல் கனத்துக்குத் தூசி. ஒன்றைப் பிரித்துப் பார்த்தவன் வாயைப் பிளந்தான். "எல்லாம் சிவப்புச் சீட்டு! எல்லாத்துலயும் ஸ்கேல் கையெழுத்து!"

"முதல் கட்டைத் தூக்கிப் பாரு. அப்புறம் கடைசிக் கட்டைத் தூக்கு."

முதல் கட்டு குழந்தை கனம் கனத்தது. அடுத்தது கொஞ்சம் குறைவு. கடைசிக் கட்டில் நாலே நாலு தாள்.

"நோய் குறைஞ்சிடுச்சா அண்ணே?"

"மண்ணாங்கட்டி. டாக்டருங்க கை பழகிடுச்சு. எடுத்த எடுப்புலயே முதுமைன்னு எழுத ஆரம்பிச்சுட்டானுங்க. அப்புறம் எதைத் திருப்பி அனுப்புறது? அந்தத் தள்ளுவண்டியைக் குடு."

"அடுத்த மாசம் எனக்கு ஓய்வு. இனிமே என்னத்தைப் பிடுங்கிடுவாங்க? எடுத்துக்கங்க" என்றான் பூட்டு.

கூடத்தில் திரை கட்டியிருந்தார்கள். இடப்பக்கம் உச்சியில் தொடங்கிய நீலக் கோடு வழுக்கிக்கொண்டே வலப்பக்கம் தரைக்கு வந்திருந்தது. ஸ்கேல் அளவுகோலால் அதைத் தடவித் தடவிப் பேசிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் டாக்டர். தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

"யாருங்க நீங்க?" என்றார் ஸ்கேல். படிவத்தை வாங்கிய நாட்களில் அதைத் தூக்கி வந்த முகத்தை அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"தபால்."

இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நீங்க வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்பினது. மொத்தமா கொண்டாந்திருக்கேன்" என்று முதல் கட்டைக் கேடயத்தின் மேலேயே போட்டார். தூசி எழும்பியது.

ஸ்கேல் ஒரு தாளை எடுத்தார். கட்டத்தில் புற்றுநோய். மேலே சிவப்புச் சீட்டு. அதில் அவர் கையெழுத்து. அடுத்த தாளும் அப்படியே. முகத்தில் ஈ ஆடவில்லை.

"இத்தனையும் அந்தக் கோட்டுல இருக்கா?" என்றார் தபால்.

"சீட்டு இல்லாததைத் திருப்பி அனுப்புறது விதி. முதுமைன்னு எழுதச் சொன்னது நானா? டாக்டரைக் கேளுங்க."

டாக்டர் மெதுவாக எழுந்தார். தலை நரைத்துப்போயிருந்தது.

"நானா ஆரம்பிக்கல" என்றார். "வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம். ஒரே படிவம் ரெண்டு தடவை திரும்பி வந்துச்சு. ரெண்டாவது தடவை மழையில நனைஞ்சு நின்னீங்க, தபால் அண்ணே. 'படியேறி முட்டி தேயுது டாக்டரே. முதுமைன்னு போட்டுடுங்க, திரும்பி வராது. எல்லா வார்டுலயும் சொல்லி வச்சிருக்கேன்'னு நீங்கதான் சொன்னீங்க."



தபாலுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த மழை. அந்த முட்டி வலி. புதிதாக வரும் ஒவ்வொரு டாக்டரிடமும் ஏதோ பெரிய உதவி செய்வதுபோலச் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னது. ஸ்கேலுக்கென்று மூன்று கெட்ட வார்த்தை தயாராக வைத்திருந்தார். ஒன்றும் இனிமேல் செல்லாது. இல்லை என்று சாதிக்கலாம். யார் சாட்சி?

அப்போது ஸ்கேல் உதட்டோரத்தில் சிரித்தார். தப்பித்தோம் என்கிற சிரிப்பு. அதுதான் அவர் செய்த தவறு.

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றார் தபால். குரல் கூடத்தின் கோடி வரை போனது. "மூணாங்கிளாஸ் படிச்சவன் முட்டி வலியில உளறினேன். அத்தனை படிச்சவங்க நீங்க அதை எழுதினீங்க. இந்த ஆளு அதை வச்சுக் கோடு போட்டாரு. கோட்டைக் காட்டிப் புதன்கிழமை ரூமைப் பூட்டினீங்க. என் வீட்டுக்காரி அந்தப் பூட்டைப் பார்த்துட்டுத் திரும்பி நடந்து வந்தா. அவளைக் கொன்னவங்கள்ல நானும் ஒருத்தன். என்னையும் சேர்த்து எழுதிக்குங்க. ஆனா மொதல்ல அவ படிவம்."

பையிலிருந்து மனைவியின் படிவ நகலை எடுத்து டாக்டரின் முன்னால் வைத்தார். டாக்டரின் சட்டைப் பையிலிருந்து பேனாவை அவரே உருவிக் கொடுத்தார்.

"அண்ணே, சதைப் பரிசோதனைச் சீட்டு இல்லாம..."

"எழுதுங்க."

டாக்டர் முதுமை என்பதைக் கோடிட்டு அடித்தார். மேலே எழுதி, கையெழுத்துப் போட்டார். தபால் தாளைக் கண்ணருகே கொண்டுபோய் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். பு. ற். று. கடைசி எழுத்து வரை விடவில்லை. பிறகு ஸ்கேலைப் பார்த்தார்.

"சிவப்புச் சீட்டு ஒட்டுவீங்களா?"

ஸ்கேல் அளவுகோலைச் சட்டைப் பைக்குள் சொருகினார்.

"ஒட்டுங்க. திருப்பி அனுப்புங்க. நாளைக்கும் கொண்டாருவேன், நாளன்னைக்கும் கொண்டாருவேன். எனக்கு வேற வேலை கிடையாது. இந்தப் பதினொரு கட்டையும் பதிவு பண்ணி, அந்தக் கோடு மேல ஏறுற வரைக்கும் உங்களை விடமாட்டேன்." முதல் கட்டைத் தூக்கி ஸ்கேலின் கைகளில் வைத்தார். அந்த மனிதர் தள்ளாடினார். "ஆபீசுக்கு நடங்க. நாற்பத்திரண்டு படி. நீங்க ஒரு தடவைகூட இதைத் தூக்கிட்டு ஏறினதில்லையே."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்கேலால் கட்டைக் கீழே போடவும் முடியவில்லை.

பின்கட்டிடத்தில் அவரை முன்னால் விட்டு, மனைவியின் படிவத்தோடு தபால் பின்னால் ஏறினார். ஒவ்வொரு படிக்கும் முட்டி உயிரை வாங்கியது. அவர் கைப்பிடியைப் பிடிக்கவில்லை.