வேம்புலியம்மாளுக்குப் பிடித்தது

கருவாட்டை வெந்நீரில் அலசிக்கொண்டிருந்த சொர்ணம் கையை நிறுத்தினாள். "அண்ணாத்தே, இது நீ ஆசையா துன்றதாச்சே. அண்ணிக்கு இன்னா புடிக்கும், அத்தச் சொல்லு."

தங்கை கேட்டது நாகப்பனுக்குத் தெரியவில்லை.

அவன் மனைவி வேம்புலியம்மாளைப் புதைத்து இன்றோடு மூன்றாம் நாள். பத்து மணிக்குள் இடுகாட்டில் பால் தெளித்து, அவளுக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் அவள் கையால் சாப்பிட்டவன். அவன் பேக்டரிக்குக் கிளம்பிய பிறகுதான் அவள் தட்டெடுப்பாள்.

உட்கார்ந்தான். எழுந்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு விரட்டினான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தில், அவளோடு சித்தாள் வேலை பார்த்த அங்கம்மா மணல் சலித்துக்கொண்டிருந்தாள்.

"அங்கம்மா, மத்தியானத்துல அது இன்னா துன்னும்?"

அங்கம்மா சல்லடையைக் கீழே வைத்தாள். "கேவுரு அடைண்ணே. முருங்கக்கீர போட்டு, அடுப்புக்கரி வாசம் வர்ற மாதிரி சுட்டுகினு வரும். நான் மீன் கொழம்பு குடுத்தா, கவிச்சி ஒத்துக்காதுன்னு தள்ளிடும்."

"மீனா? ஊட்டுல தெனம் மீன் ஆக்குமே!"

"உனுக்கு ஆக்கிச்சு," என்றாள் அங்கம்மா. மறுபடி சல்லடையைக் கையில் எடுத்தாள்.

வழியில் கடையில் கேழ்வரகு மாவு வாங்கினான். யார் வீட்டு முருங்கை என்று பாராமல் கீரையை ஒடித்தான். வீட்டுக்கு வந்ததும், "எழுந்துரு சொர்ணம்," என்றான்.

"உனுக்கு அடுப்பு ஊதக்கூடத் தெரியாதே!"

"எழுந்துருன்றேன் இல்ல."

முதல் அடை கல்லோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது கருகியது. வாசலிலிருந்து சொர்ணத்தின் புருஷன் தங்கவேல், "நாழியாவுது மச்சான்!" என்று குரல் கொடுத்தபடி இருந்தான். விரல் நுனியெல்லாம் சுட்டுக்கொண்டு தட்டிய மூன்றாவதுதான் ஒருவழியாக வட்டமாக வந்தது.

இடுகாட்டில் பால் தெளித்து, இலை போட்டு, அடையை வைத்தார்கள். காக்கை வருவதற்காக எல்லோரும் தள்ளி நின்றார்கள். நாகப்பன் மட்டும் இலையருகே குந்தியிருந்தான். ஓரத்தில் ஒரு துணுக்கைப் பிய்த்து வாயில் போட்டான்.

மென்றவன் சட்டென்று நிறுத்தினான்.

"இன்னா மச்சான்?"

"உப்பு போடல."

"பரவால்ல, வுடு. படைச்சது தானே?"

அவன் அதற்குள் எழுந்துவிட்டான். ரோட்டோரத்து இட்லிக் கடையை நோக்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தான். பிறகு ஓடினான்.

காக்கை ஒன்று இலைக்குப் பக்கத்தில் வந்து இறங்கியது. சொர்ணம் கையை வீசி அதை விரட்டினாள்.

அண்ணன் வந்துகொண்டிருந்தான், வலது கையை இறுக மூடிக்கொண்டு.