பதினேழு கட்டங்களும் ஒரு ஃப்யூஸும்

1998-ஆம் வருடம் பெங்களூரை அடுத்த ஹெப்பகோடியில் யு.பி.எஸ். தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சுந்தரமூர்த்தி டெஸ்டிங் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். பிரிவிலிருந்த பழைய மல்டிமீட்டர்கள் ஒரே பேட்டரிக்கு ஆளுக்கொரு வோல்டேஜ் காட்டத் தொடங்கியதால், புதிதாகப் பத்து வாங்க அனுமதி கிடைத்தது. எந்த மாடல் என்பதை அவர்தான் முடிவு செய்யவேண்டும்.

அவர் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டலாக்குகளை வரவழைத்து, பதினேழு கட்டங்களுக்கு அட்டவணை போட்டார். துல்லியத்திலிருந்து இருட்டில் ஒளிரும் திரைவரை எதையும் விடவில்லை. டெஸ்டிங் ஹாலில் பட்டப்பகலிலேயே இருபது டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது வேறு விஷயம்.

"மூணு வாரம் ஆச்சு சார்," என்றார் பர்ச்சேஸ் பிரிவு கோவிந்தப்பா. "மீட்டர் தேடறீங்களா, மாப்பிள்ளை தேடறீங்களா?"

"மாப்பிள்ளைக்கு இவ்ளோ பாக்க மாட்டேன்," என்றார் சுந்தரமூர்த்தி. சொன்ன பிறகுதான் அது உண்மையென்று அவருக்கே உறைத்தது.

எல்லாக் கட்டத்திலும் ஜெயித்த மீட்டர் ஒன்றையும், ஒப்புக்கு ஒரு சாதாரண மீட்டரையும் சாம்பிளாக வாங்கி, ஆறு வருடமாக போர்டுகளைச் சோதிக்கும் ரூபினியிடம் கொடுத்தார். இரண்டு நாள் கழித்துப் போனால், அவள் கையில் சாதாரண மீட்டர்தான் இருந்தது.

"ஏம்மா, அது நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் கீது சார். ஆனா கனெக்‌ஷன் கீதான்னு பாக்கறப்போ, ப்ரோப்ப வெச்சா யோசிச்சு யோசிச்சு பீப்புன்னு கத்துது. இது வெச்ச உடனே கத்துது. ஒரு போர்டுல அறுபது இடம் பாக்கணும் சார்."

சுந்தரமூர்த்தியின் அட்டவணையில் கத்துவதற்குக் கட்டம் இல்லை. மீட்டர் ஒயரின் நுனியிலிருக்கும் ப்ரோப்பை அவர் கையில் பிடித்தே எட்டு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"குடும்மா, காட்டறேன்," என்று ஜெயித்த மீட்டரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். சிவப்பு ப்ரோப்பை ஆம்பியர் துளையில் செருகி ஒரு பல்புக்கு ஓடும் கரண்டை அளந்தார். எண்கள் அழகாக நின்றன. அதே உற்சாகத்தில் திருகியை வோல்ட்டுக்குத் திருப்பி, பேட்டரியின் இரண்டு முனையிலும் ப்ரோப்புகளை வைத்தார். டப்பென்று ஒரு பொறி. ப்ரோப் நுனி கறுத்தது.

"சார், ஒயரு ஆம்பியர் ஓட்டையிலயே கீது, பேட்டரி ஷார்ட் ஆயிட்ச்சு," என்றாள் ரூபினி, வேறுபக்கம் பார்த்தபடி.

மீட்டருக்குள் இருந்த ஃப்யூஸ் போயிருந்தது. மறுநாள் எலெக்ட்ரானிக் சாமான் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடு முழுக்க அலைந்துவிட்டு கோவிந்தப்பா சொன்னார்: "அந்த ஃப்யூஸ் இங்க எங்கயும் இல்ல சார். வெளிநாட்லேர்ந்து வரணுமாம், ரெண்டு மாசம். இன்னொரு மீட்டரோடது எல்லாக் கடையிலும் தொங்குது."

சுந்தரமூர்த்தி சாதாரண மீட்டரைச் சிபாரிசு செய்து அறிக்கை எழுதினார். சோதித்தவர் என்ற இடத்தில் ரூபினியின் பெயரைப் போட்டார். மற்ற மீட்டரைப் பற்றி, 'மிக உயர்ந்த கருவி. பிரிவுத் தலைவரின் கையில் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை' என்று எழுதிவிட்டு, அந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்து, அப்படியே விட்டார்.

ஜெனரல் மேனேஜர் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். சுந்தரமூர்த்திக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. இத்தனை வருட வேலையில் அவ்வளவு உண்மையாக அவர் எழுதிய அறிக்கை வேறில்லை.