தேன்நிற மெருகு

ரொறன்ரோ மாநகரின் கண்ணாடி மாடங்களிலே செவ்வொளி தீட்டிக் கதிரவன் சாய்கின்ற இலையுதிர்கால மாலைப்பொழுதில், டொன் ஆறு தன் ஆழ்ந்த பள்ளத்தாக்கின் வழியே, பெருஞ்சாலையின் இரைச்சலைக் கேளாததுபோல், உதிர்ந்த செவ்விலைகளைச் சுமந்து ஏரியை நோக்கி மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் சரிந்த கரையிலே முழந்தாளிட்டு, ஈரக் களிமண்ணை அகழ்ந்து வாளியிற் சேர்த்துக்கொண்டிருந்த றெஜினாவின் உள்ளம், அன்பரே, அப்பொழுது மழைகண்ட குளம்போல் நிறைந்திருந்தது.

மன்னாரிற் பிறந்தவள் அவள். பகலெல்லாம் முதியோர் இல்லமொன்றிற் சமைத்துவிட்டு, ஓய்ந்த வேளைகளிற் பொதுச் சூளைக்கூடத்திலே கலம் வனைபவள். கலத்தின்மேற் கண்ணாடிபோற் படியும் மெருகைக் கடையில் வாங்காது, தான் எடுத்த மண்ணை உலர்த்தி, இடித்து, அரித்து, மரச்சாம்பலோடு கரைத்துத் தானே ஆக்குவாள். பிற கரைகளின் மண்ணோ கடுந்தீயிலும் உருக மறுத்து மங்கிய பழுப்பாய் நின்றது. இக்கரை மண் மட்டும் குறைந்த தீயிலேயே இளகிப் பரந்து, தேன் வழிந்தாற்போல் ஒளிர்ந்தது. ஏன் அத்துணை எளிதில் உருகிற்று என்று அவள் கேட்கவில்லை. இறைவன் தந்த கொடையென்றே எண்ணினாள்.

அம்மெருகு பூசிய முதற் கோப்பையைச் சென் ஜேம்ஸ் ரவுண் குடியிருப்பின் உயர்மாடமொன்றில் வாழ்ந்த தங்கை நிலாணிக்குக் கொடுத்தாள். நெடுநாள் ஏங்கிக் கருவுற்றிருந்த நிலாணிக்குப் புளிப்பின்மீது தீராத வேட்கை.

“தேசிக்காய்த் தண்ணி உங்கட கோப்பையில குடிச்சாத்தான் அக்கா, வயிறு குளிருது,” என்பாள். றெஜினா பூரித்துப்போவாள்.

பனி உருகுமுன் குழந்தை உயிரின்றிப் பிறந்தது. தாயின் குருதியில் ஈயம் மிகுந்திருக்கக் கண்ட மருத்துவர், உண்கலங்களைப் பற்றி வினவினார். அதுகேட்ட றெஜினா, அதே மெருகிட்ட மற்றொரு கிண்ணத்தையும் எஞ்சிய மண்ணையும் ஆய்வுக்கூடத்திற்குத் தானே கொண்டு சென்றாள். என்றோ கரையிற் புதைத்த ஆலைக் கழிவின் ஈயம் மண்ணிற் கலந்திருந்ததென்றும், அதுவே மெருகை உருக்கியதென்றும், புளிப்பு அதனைக் கரைத்தெடுத்ததென்றும் ஆய்வாளர்கள் உரைத்தனர்.

அன்றே தங்கையின் முன் சென்று நின்றாள்.

“என்ர மெருகிலதான் ஈயம் இருந்தது, நிலாணி. எனக்குத் தெரியாமப் போச்சு.”

“அப்ப பிள்ளை போனது உதாலதானோ?”

“டொக்டர் ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை.”

நிலாணி சாளரத்தின் பக்கம் முகந்திருப்பினாள். “சொல்லாமல் விட்டிருக்கலாம், அக்கா. இவ்வளவு நாளும் நான் கடவுளைத்தான் நொந்துகொண்டிருந்தனான்.”

கைநீட்டிய தமக்கையின் விரல்கள் படுமுன்னே அவள் தோள் ஒதுங்கிற்று.

“போங்கோ அக்கா,” என்றாள். விடைபெறுவோர்க்கு நம்மவர் மறவாது சொல்லும் ‘வாங்கோ’ என்னுஞ் சொல் அவள் வாயில் எழவேயில்லை.

நகராட்சியார் ஆற்றங்கரைக்கு வேலியிட்டனர். ஞாயிறுதோறும் ஒரே கோயிலின் இரு கோடிகளில் அவ்விருவரும் முழந்தாளிட்டனர். அறியாது செய்தேன் என்னுஞ் சொல் செய்தவர்க்கேனும் ஒரு சிறு நிழலாகக்கூடும்; இழந்தவர்க்கோ அதன்கீழ் இடமில்லை. தங்கைக்கு இல்லாத நிழலிலே தான் மட்டும் ஒதுங்க றெஜினாவுக்கு மனம் ஒப்பவில்லை.