ஆமினா உம்மாவின் வற்றாளைப் பாத்தியை மேய்ந்த முயல்கள்

வல்லாஹி, இனிச் சொல்லப்போவதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய் சொல்லும் வயதை நான் தாண்டிவிட்டேன். கல்முனையில் பளீலின் வளவுக்கு வந்த காட்டுமுயல்கள் கதைத்தன. எல்லா முயலும் அல்ல, மௌத்தாகிப்போன அவருடைய மனைவி ஆமினா உம்மா நட்ட வற்றாளையை, அதுதான் சர்க்கரைவள்ளிக் கொடியை, கடித்த முயல்கள் மட்டும். ஆளுக்கு ஒரேயொரு வசனம், அதுவும் அவளுடைய குரலில்.

ஆமினா உம்மா உயிரோடிருந்த காலத்திலேயே முயல் தொல்லை உண்டு. அடிக்கவும் விடமாட்டாள், கண்ணி வைக்கவும் விடமாட்டாள். "வாயில்லாச் சீவன். கூட்டில புடிச்சா, பொழுது படுறத்துக்குள்ள கொண்டுபோய் விட்டிரணும்" என்பது அவள் வைத்த சட்டம். ஆகவே பளீல் பலகைக் கூடொன்று செய்து, உள்ளே வெள்ளரித் துண்டு வைத்து, கதவு தானாக விழும்படி கட்டி, பிடிபட்டதைச் சாக்கால் மூடி, றாஸிக்கின் ஓட்டோவில் வரிப்பத்தான்சேனைக்குக் கொண்டுபோவார். வயலுக்கு அப்பாலுள்ள பற்றைக்காட்டில் விட்டுவருவார். அவள் போன பிறகும் சட்டம் மாறவில்லை. "ஹலாலான கறியக் கொண்டுபோய்க் காட்டுக்கு ஸதகா குடுக்கிறீங்களே காக்கா" என்று வீதியில் பகிடி பண்ணிச் சிரித்தார்கள்.

அவள் போன பிறகு பிடிபட்ட முதல் முயல் ஓட்டோவுக்குள் வைத்து, "சோறு ஆறுது, எழும்பி வாங்களன்" என்றது. றாஸிக் வண்டியை ஓரங்கட்டி ஒரு பிளேன்டீ குடித்தான். பிறகு வழமைபோல ஓட்டினான். இன்னொன்று, உடுத்த சாரனை ஈரத்தோடு கிணற்றடியில் போட்டதற்கு ஏசியது. பெட்டை முயலொன்று, "நான் இல்லாட்டித்தான் உங்களுக்கு விளங்கும்" என்றது.

கஷ்டம் என்னவென்றால், விட்ட முயலோடு அதன் வசனமும் பளீலை விட்டுப் போய்விடும். சோறு ஆறிய கதையை றாஸிக் ஞாபகப்படுத்தியபோது, "ஆரு மனே அப்பிடிச் சொன்ன?" என்று கேட்டார். அவளுடைய பேச்சு இப்படிக் கூடு கூடாகக் குறைந்தது.

"ஒண்டையாவது வெச்சி வளத்துக்குங்க காக்கா. இரை நான் கொண்டு தாறன்" என்றான் றாஸிக்.

"அவ ஏசுவா" என்றார் பளீல்.

போன மாரி முடிந்த கையோடு கடைசி முயல் கூட்டில் விழுந்தது. அது "இஞ்சாருங்க" என்றது, அவ்வளவுதான். புருசன் பெயரை வாயால் சொல்லாத ஆமினா உம்மா, அவரைக் காலமெல்லாம் கூப்பிட்டது அந்த ஒரு சொல்லால்தான். பளீல் அன்று பகல் முழுக்கக் கூட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அது கூப்பிடும்போதெல்லாம், "ஓம், சொல்லு" என்றார். அஸர் தொழுதுவிட்டு வந்து, வெயில் சாய்வதைப் பார்த்துவிட்டு, தானே கூட்டைத் தூக்கி ஓட்டோவில் வைத்தார். பற்றைக்காட்டில் கதவைத் திறந்ததும் முயல் வெளியே வந்தது, ஒருமுறை திரும்பிக் கூப்பிட்டது, ஓடிப்போனது. பளீல் நின்ற இடத்திலேயே நின்றார். "காக்கா, போவம்" என்றான் றாஸிக். தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று அவருக்கு விளங்க வெகுநேரம் எடுத்தது.

பளீல் குடியிருப்பது, சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில். வளவையும் வற்றாளைப் பாத்தியையும் ஆமினா உம்மாவோடு சேர்த்து, சுனாமி வந்த காலையிலேயே கடல் கொண்டுபோய்விட்டது. ஆனாலும், வல்லாஹி, முயல்கள் வந்தது அந்த வளவுக்குத்தான்.